முப்பத்திரண்டு பேரும் முன்னால்

செப்டம்பர் 9, செவ்வாய்

சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளை மடித்துச் சுவரோரம் தள்ளப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. வகுப்பு நாற்பது நிமிடம். திரும்பப் போட இன்னொரு பன்னிரண்டு. மிச்சமிருக்கும் பதினாறு நிமிடத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு "மக்கள் நடனங்களின் வரலாறு" கற்பிக்க வேண்டும். அதிலும் ஐந்து நிமிடம் "சார், தரை ஒட்டுது சார்" என்பதிலேயே கரைந்துவிடும். மதியம் யாரோ கொட்டிய ஜூஸ். துடைப்பது யார் வேலை என்று ஆயாவுக்கும் சமையலறைக்கும் பல வருடச் சண்டை. நாளைக்கு வகுப்பு என்பதால் இன்று சாயங்காலம் நானே துடைத்துவிட்டு வந்தேன்.

ஆசிரியர் அறைப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அக்டோபர் 22, புதன். என் வகுப்பைப் பார்க்க ஆய்வாளர் வருகிறார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் நான் நிரந்தரமா இல்லையா என்பது. நிரந்தரமானவர்களின் பெயர்கள் அந்தத் தாளில் அச்சில் இருக்கின்றன. என் பெயர் பென்சிலில்.

தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்: எனக்கு ஆடத் தெரியாது.

நேர்காணலில் தலைமையாசிரியை கேட்டார், "வரலாறு எடுப்பீங்க, சரி. கூடவே இந்த டான்ஸ் பாடமும் இருக்கு. ஆடிக் காட்ட வருமில்ல?" வரும் மேடம் என்றேன். விண்ணப்பத்தில் "கல்லூரி நடனக் குழுவில் மூன்று ஆண்டுகள்" என்று எழுதியிருந்தேன். குழுவில் இருந்தது உண்மைதான். திரைக் கயிறு இழுத்தேன்.

நான்கு வருடத்தில் இது மூன்றாவது பள்ளி. மூன்றிலும் தற்காலிகம். தற்காலிகங்களுக்கு வேறு வருகைப் பதிவேடு; உட்கார, ஜன்னலோரம் ஒரு நீள பெஞ்சு; விடைத்தாள் திருத்த மடி. பொய் சொன்னதற்கு வெட்கமாக இருக்கிறதா? இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்த இரண்டு நேர்காணல்களும் நினைவிருக்கின்றன.

செப்டம்பர் 10, புதன்

சார்ல்ஸ்டன். தப்பித்தேன். தனியாக ஆடும் ஆட்டம், முழங்காலை உள்ளே வெளியே திருப்பினால் பாதி வந்துவிடுகிறது. ஒரு வாரம் வீடியோ பார்த்து மொட்டைமாடியில் பழகினது வீண்போகவில்லை. பையன்கள் சிரித்துச் சிரித்து ஆடினார்கள். ஒரு பெரிய உடம்புக்காரப் பையன் குதித்தபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வகுப்பே அவனை 'லாரி' என்றுதான் கூப்பிடுகிறது. அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

ஆட்டத்தின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆடிய ஆட்டம். பணக்காரர்கள் அதை விருந்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் உள்ளே போயிற்று, ஆடியவர்களைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

மூன்றாவது வரிசைப் பெண் கை தூக்கினாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளுக்குப் பெயர் 'வக்கீல்'. "அப்போ சார், நாம இப்ப ஆடுறது யாரோட ஆட்டம்?"

நல்ல கேள்வி என்று சொல்லி மணியடிக்கும்வரை சமாளித்தேன். என் வகுப்பில் நல்ல கேள்வி என்றால் பதில் தெரியாத கேள்வி.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடி. வந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுக்கிறாள். அவள் காலைப் பார்த்துக்கொண்டே நான் நடனப் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பஸ் டிரைவர். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம மாப்ள இப்ப டான்ஸ் மாஸ்டரு. இடுப்புக்கு ஆயில் விட ஒரு ஆளு வேணும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் வீட்டு முன்னறையில் என் பாய், என் பெட்டி, என் புத்தகங்கள். அக்கா மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. படிக்க அவளுக்கு ஓர் அறை வேண்டும். யாரும் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 22. முப்பத்தெட்டு நாள்.

செப்டம்பர் 17, புதன்

ட்விஸ்ட். சிகரெட்டைக் காலால் நசுக்குகிற மாதிரி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கரப்பான்பூச்சி என்று திருத்தினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று ஃபாக்ஸ்ட்ராட் தொடங்கினேன். இதுதான் ஆய்வாளருக்குக் காட்டப்போவது. ஜோடி ஆட்டம் ஒன்று கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது.

"நரி எங்க சார்?" என்றான் கொசு. வகுப்பிலேயே சின்ன உருவம், காதோரம் வந்து பேசுவான்.

"நரி இல்ல. நடைதான்."

"நரி நடந்தா கோழி போச்சு சார்."

புத்தகத்தில் இருக்கும் பாதப் படத்தைப் பார்த்துப் பத்து நாள் பழகியிருக்கிறேன். செய்தித்தாளில் பாதங்கள் வெட்டி மாடியில் ஒட்டி, அதன்மேல் நடந்து, காற்றில் பறந்ததைத் துரத்திப் பிடித்து. இடது கால் முன்னே, மெதுவா. வலது முன்னே, மெதுவா. இடது பக்கவாட்டில், சட்டு. வலது சேர்த்து, சட்டு. அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, முதுகு காட்டி நின்று ஆடினேன். மெதுவா, மெதுவா, சட்டுச் சட்டு. நான்காவது தடவைக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன. அந்தச் சத்தம்! கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு படை போல வந்தார்கள்.

கதவுக் கண்ணாடி வழியாக மேடம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிழைத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

இன்னும் நன்றாக. அடுத்த வகுப்பில் ஜோடி சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

பதினேழு பையன்கள், பதினைந்து பெண்கள். ஜோடி சேருங்கள் என்றதும் கூடத்தில் காக்காய்க் கூட்டம். கையைத் தொட மாட்டார்களாம். தொட்டால் வருடம் முழுக்கக் கிண்டல். சரி, ஜோடிக்கொரு ஸ்கேலை எடுங்கள், ஆளுக்கொரு முனை பிடியுங்கள் என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பதினாறு ஜோடி, எதிரும் புதிருமாக, நடுவில் பதினாறு ஸ்கேல்.

பாட்டு. மெதுவா என்றேன்.

முப்பத்திரண்டு பேரும் இடது காலை முன்னால் வைத்தார்கள்.

டப், டப், டப் என்று ஸ்கேல்கள் உடைந்தன. முழங்காலோடு முழங்கால். ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். கொசு லாரியின் வயிற்றில் முட்டி நின்றான். அவ்வளவு நேரம் ஒன்றும் புரியாமல் நான் "கவனமா, கவனமா, திரும்ப" என்றேன். திரும்பவும் முப்பத்திரண்டு பேரும் முன்னால். நான் சொல்லிக்கொடுத்தபடியே, அட்சரம் பிசகாமல்.

ஆறு ஸ்கேல் உடைந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒருவர் முன்னால் வந்தால் எதிரில் இருப்பவர் பின்னால் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா? தெருவில் எதிரே வருகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் தனியாகப் பழகினேன், தனியாளின் காலடியை முப்பத்திரண்டாகப் பெருக்கிவிட்டேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு என் அருகில் வந்தாள். சத்தம் போடாமல், பாவம் பார்க்கிற குரலில் கேட்டாள்.

"சார், நீங்க யார்கூடவும் ஆடினதே இல்லையா?"

மணி அடித்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

தூக்கம் இல்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அவள் யாரிடமாவது சொல்வாளா? வீட்டில் சொல்வாள். அவள் அப்பா பெற்றோர் கூட்டத்தில் கேட்பார். மேடம் விண்ணப்பத்தை எடுப்பார். நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? எத்தனை நாளைக்கு?

புத்தகத்தை மறுபடி பார்த்தேன். ஒரே ஒரு பாதப் படம். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், நான் இத்தனை நாளாகக் கண்டுகொள்ளாத ஒரு வரி: "இணையாக ஆடுபவர் இதற்கேற்ப நகர்வார்."

இதற்கேற்ப!

எழுதினவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினானோ. பாதிப் பேரின் ஆட்டத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டான். ஒருத்தன் நடப்பான், மற்றவர் 'இதற்கேற்ப'. வீட்டிலும் அப்படித்தான், ஆபீசிலும் அப்படித்தான். மாமா பணிநேரம் மாறினால் அக்கா இதற்கேற்ப. நிர்வாகம் நேர அட்டவணையை மாற்றினால் தற்காலிகங்கள் இதற்கேற்ப. நான் மட்டும் யோக்கியமா? எனக்கும் எதிரில் ஒரு ஆள் நிற்பது தோன்றவே இல்லையே.

வீடியோ தேடினேன். எல்லாவற்றிலும் அந்தப் பெண்களின் உடை தரையைப் பெருக்குகிறது. காலே தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. மேசைகளைத் தள்ளி முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தால் அது வந்துவிட்டது. "எனக்கு இந்த ஆட்டத்துல பாதிதான் தெரியும். எதிர்ல இருக்கிறவங்க பாதி தெரியாது."



"ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார் மேடைய ஒண்ணும் சொல்லலியேடா," என்றாள் வக்கீல். பிறகு என்னிடம்: "சாக்பீஸ் இருக்கா சார்?"

அடுத்த பத்து நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை. கொசுவை நடுவில் நிற்கவைத்தார்கள். எதிரில் ஒரு பெண் என் காலடியை ஆடினாள். அவள் இடது கால் முன்னால் வரும்போது கொசுவின் எந்தக் கால் வழியில் நிற்கிறதோ அதைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்து, சுற்றிச் சாக்பீஸால் வரைந்தார்கள். "அவன் காலு, மேசைக் காலு இல்லடி, மெதுவா" என்று கத்தல். கடைசியில் தரையில் இருந்தது: வலது பின்னே. இடது பின்னே. வலது பக்கம். சேர்.

பிறகு சண்டை. யார் பின்னால் போவது?

"பொண்ணுங்கதான். பழைய படத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கு."

"பழைய காலத்துல நீ பள்ளிக்கூடமே வந்திருக்க மாட்ட. மாடு மேய்ச்சிருப்ப."

"பின்னால போனா முகத்துல மண்ணு விழுந்த மாதிரி இருக்கும் சார். நான் போக மாட்டேன்." இது லாரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வரலாறு பையன்கள் பக்கம்தான். அந்தக் கால நடனக் கூடங்களில் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை பார்த்த பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பின்னால்தான் நடந்தார்கள். வரலாறு அப்படி என்றால் அப்படியே விட்டுவிடுவதா?

சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து ஆயா திட்டினார். நானே துடைத்தேன், நோட்டில் வரைந்துகொண்டு.

அக்டோபர் 4, சனி

சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன், பின்னால் போவது கேவலமா என்று. ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

"என்ன மாப்ள இப்படிக் கேட்டுட்ட. முன்னால எந்தக் கழுதையும் ஓட்டும். ரிவர்ஸ் எடுக்கிறவன்தான் டிரைவர்." எச்சில் கையோடு காட்டினார். "டிப்போல நான் பின்னால பார்க்கவே மாட்டேன். கண்டக்டர் பஸ்ஸோட பக்கத்துல தட்டுவான். ரெண்டு தட்டு, வரலாம். ஒரு தட்டு, நில்லு. அவன் கைய நம்பிப் போறேன். நம்பலேன்னா நகராது."

"அவர் தப்பாத் தட்டினா?"

"சுவரு போயிரும். திட்டு எனக்கு." சிரித்தார். "ஏன், டான்ஸ்ல ரிவர்ஸ் கியர் உண்டா?"

அக்டோபர் 6, திங்கள்

லாரியைக் கூப்பிட்டேன். "நீ முன்னால வா. நான் பின்னால போறேன்."

வகுப்பு ஓவென்று கத்தியது. யாரோ விசிலடித்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது. "வேணாம் சார்." வா என்றேன். அவன் வலது கையை என் முதுகில் வைத்தான். பாறாங்கல் மாதிரி ஒரு கை, சட்டையைத் தொட்டும் தொடாமலும்.

நோட்டில் வரைந்தது தலையில் இருந்தது. அது போதவில்லை. பின்னால் ஒரு அடி எடுத்து வைத்ததும் உடம்பு முழுக்கப் பயம். மடித்த மேசைகள் எங்கே? தூண் எங்கே? அவன் கண்ணைத்தான் பார்க்க முடிந்தது. அவன் கண் என் தோளுக்கு மேலே எதையோ அளந்துகொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் அவன் முனகினான்: "மேசை இருக்கு சார், திருப்புறேன்." திருப்பினான். இடிக்கவில்லை.

வகுப்பில் சிரிப்பு நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

முடித்ததும் அவன் சொன்னான், "இப்ப நான் போய்ப் பாக்கவா சார்?"

அப்புறம் நிறுத்த முடியவில்லை. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம். பாட்டுக்குப் பாட்டு மாற்றம்: முன்னால் வந்தவர் அடுத்ததில் பின்னால். ஸ்கேலை எப்போது கீழே போட்டார்கள் என்று தெரியவில்லை. கைகளைத்தான் பிடித்திருந்தார்கள்.

நான்கு வருடத்தில் இது போல ஒரு வகுப்பு எனக்கு நடந்ததில்லை. இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

பயந்தது சரி. பாதி வகுப்பில் மேடம் உள்ளே வந்தார். சுவரோரம் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பார்த்தார். கொசு முன்னால் வர, அவனைவிட ஒரு தலை உயரமான பெண் பின்னால் போக. வக்கீல் முன்னால் வர, லாரி பின்னால் போக. அவன் அதற்குள் அதில் கில்லாடி. அந்த உடம்பு காகிதம் மாதிரி நகர்கிறது.

வெளியே வரச் சொன்னார்.

"இது என்ன கூத்து? பொண்ணு இழுத்துட்டுப் போறா, பையன் பின்னாலயே போறான்."

"மாத்தி மாத்திப் பழகுறாங்க மேடம்."

"பழகட்டும். ஆய்வாளர் வர்றப்போ பையன்க முன்னால, பொண்ணுங்க பின்னால. பார்க்க ஒழுங்கா இருக்கணும். நீங்க வரலாறு படிச்சவர், அந்தக் காலத்துல எப்படி ஆடினாங்களோ அப்படிக் காட்டுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சரி மேடம் என்றேன்.

ஒரு வாதம்கூடச் செய்யவில்லை. ஒரு 'ஆனால்'கூட இல்லை. இதற்கேற்ப நகர்ந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

தொழிலாளர்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். பெஞ்சில் உட்கார்ந்து நிர்வாகத்தைக் கிழிப்பேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதும் வால் உள்ளே போய்விட்டது. ஏன்டா? பொய் சொன்னவனுக்கு முதுகெலும்பு ஏது. அந்த விண்ணப்பம் அவர் அலமாரியில் இருக்கும்வரை நான் இப்படித்தான்.

அக்டோபர் 13, திங்கள்

வகுப்பில் சொன்னேன். பையன்கள் முன்னால். பெண்கள் பின்னால். ஆய்வு முடியும்வரை மட்டும்.

சண்டை வரும் என்று தயாராகப் போயிருந்தேன். வக்கீல் என்னைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி சார்," என்றாள்.

அவள் கேள்வி கேட்டிருக்கலாம்.

இரண்டு பையன்கள் மிச்சம். உட்காரவைக்க முடியாது, எல்லா மாணவரும் பங்கேற்க வேண்டும் என்று ஆய்வுப் படிவத்திலேயே இருக்கிறது. லாரி கை தூக்கினான்: "நான் பின்னால போறேன் சார். கொசு ஓட்டட்டும்."

அக்டோபர் 15, புதன்

ஒழுங்காக இருக்கிறது. பார்க்க ஒழுங்காக மட்டும் இருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

சட்டை இஸ்திரி போட்டாயிற்று. அக்கா போட்டாள், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. "நாள் பூரா ஊருக்குப் போடுறேன், உனக்கு ஒண்ணு போட்டா குறைஞ்சிருவேனா." அவள் மனதில் நாளைக்கு எனக்கு வேலை கிடைத்துவிடும். முன்னறையில் போட மகளுக்கு மேசை பார்த்துவைத்திருக்கிறாள்.

பாடக் குறிப்பை மறுபடி எழுதினேன்.

அக்டோபர் 22, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஆய்வாளர் மெலிந்த மனிதர், கையில் அட்டை, காதில் பேனா. மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். சார்ல்ஸ்டன் ஓடியது. ட்விஸ்ட் ஓடியது. ஃபாக்ஸ்ட்ராட்டில் ஒரு கால்கூடப் பிசகவில்லை. பதினைந்து பையன்கள் முன்னால், பதினைந்து பெண்கள் பின்னால், கடைசியில் கொசுவும் லாரியும். பாட்டு முடிந்தது. மேடம் கைதட்டினார். தீர்ந்தது, நிரந்தரம், என்று மனம் ஒரு நொடி துள்ளியது.

ஆய்வாளர் எழுந்து நேராகக் கடைசி ஜோடியிடம் போனார். சிரித்தபடிதான் கேட்டார்.

"இவ்ளோ பெரிய ஆளு, நீ ஏம்ப்பா பின்னால போற?"

"பொண்ணுங்க பத்தல சார்," என்றான் லாரி. "அதுவும் இல்லாம, பின்னால போறதுல நான்தான் சார் ஃபர்ஸ்ட்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாங்களே கண்டுபிடிச்சோம் சார்! எங்க சாருக்கே தெரியாது. மொதல்ல எல்லாருக்கும் முன்னால போறதையே சொல்லிக் குடுத்துட்டாரு, டமால்னு மோதி ஆறு ஸ்கேல் உடைஞ்சுபோச்சு. அப்புறம் நாங்க தரையில வரைஞ்சு..."

அவன் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. புகழ்ந்துகொண்டிருந்தான், வகுப்பை, என்னையும் சேர்த்து.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போது வக்கீல் குரல் கேட்டது. "அவன் கதை விடுறான் சார். எங்க சாருக்கு எல்லாம் தெரியும். நல்லா ஆடுவாரு. அவன் எப்பவும் இப்படித்தான், புளுகுமூட்டை."

லாரி வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு சிரிப்பு, "பசங்க அப்படித்தான் சார்" என்று ஒரு வார்த்தை. முடிந்திருக்கும்.

கேள்வி மட்டுமே கேட்டுப் பழகிய ஒருத்தி எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். என் பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு. அவளைப் 'பின்னால் போ' என்று சொன்னவனுக்காக. அதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"அவன் சொல்றது உண்மைதான் சார்," என்றேன். "எனக்குத் தெரியாது. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. முன்னால யாரு, பின்னால யாருன்னும் மாத்தி மாத்தித்தான் ஆடினாங்க. இன்னைக்கு ஆடினது ஆய்வுக்காக."

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். வெகுநேரம் எழுதினார்.

அக்டோபர் 23, வியாழன்

மேடம் மேசைமேல் என் விண்ணப்பம். "மூணு வருஷம் நடனக் குழுவுல என்ன பண்ணீங்க?"

"திரை இழுத்தேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"முடிவு வர்ற வரைக்கும் வகுப்புக்குப் போங்க," என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் காலைச் சுவரிலிருந்து இறக்கவில்லை.

"உனக்கு ஆடத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா. மாடில நீ குதிச்சப்ப எல்லாம் நான் துணி காயப்போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீயே மூச்சு வாங்கிட்டு நின்ன." காலை மாற்றிவைத்துக்கொண்டு: "வேலை போயிருமா?"

தெரியாது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 29, புதன்

இன்னும் ஒன்றும் வரவில்லை. லாரியும் வக்கீலும் பேசிக்கொள்வதில்லை. இன்று சீட்டுக் குலுக்கியதில் இரண்டு பேரும் ஒரே ஜோடியாக விழுந்தார்கள். அவள் முன்னால். முதல் சுற்றில் அவன் வேண்டுமென்றே மரக்கட்டை மாதிரி நின்றான். "நகருடா, எரும." "புளுகுமூட்டை நகராது." "சரி, நாந்தான் புளுகுமூட்டை. இப்ப நகரு." நகர்ந்தான்.

நவம்பர் 3, திங்கள்

வந்துவிட்டது. ஒரு பக்கம்.

"மாணவர் பங்கேற்பு: மிக நன்று. ஆசிரியரின் துறைத் தேர்ச்சி: இல்லை. விண்ணப்பத்தில் உண்மை மறைப்பு. பணி உறுதி பரிந்துரைக்கப்படவில்லை. தேவையெனில் தற்காலிகமாகத் தொடரலாம்."

தேவையெனில். அவர்களுக்குத் தேவைதான். இந்தப் பாடத்தை எடுக்க வேறு ஆள் வரமாட்டான். அதிலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் வாய் திறக்க மாட்டான், இன்னும் நல்லது. மேடம் இன்னொரு வருடத்துக்கான தாளை என் பக்கம் தள்ளினார்.

"வேற இடமா இருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க. இனிமேலாவது சொன்னதைச் செய்ங்க. ஆண்டு விழாவுல இந்த ஆட்டத்தை மேடையேத்தணும். பையன்க முன்னால, பொண்ணுங்க பின்னால."

பேனாவை எடுத்தேன். எடுத்ததும் ஒன்று உறைத்தது. அலமாரியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. இனி அவர் கையில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது?

"அதை ஒரு உத்தரவா எழுதிக் குடுத்துடுங்க மேடம். உங்க கையெழுத்தோட. பாடத்திட்டத்துல அப்படி இல்ல. யாராவது கேட்டா காட்டணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.

"இதுக்கெல்லாம் எழுத்துல என்ன இருக்கு? கையெழுத்துப் போட்டுட்டு வகுப்பைப் போய்ப் பாருங்க."

போட்டேன். அவர் உத்தரவை எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன், இரண்டு தடவை.

நவம்பர் 9, ஞாயிறு

மாமாவிடம் நானே கேட்டேன், முன்னறையை எப்போது காலி செய்யட்டும் என்று. அவர் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அக்கா, "ஜனவரி" என்றாள். சொல்லிவிட்டாள், நல்லது.

டிசம்பர் 12, வெள்ளி

ஆண்டு விழா. பாட்டுக்கு நடுவில் ஜோடிகள் இடம் மாறின: முன்னால் வந்த பையன்கள் பின்னால், பின்னால் போன பெண்கள் முன்னால். கைதட்டலும் வந்தது, பெற்றோர் வரிசையில் ஒருவர் எழுந்தும் போனார். மேடம் என்னிடம் பேசவில்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12, திங்கள்

விளையாட்டு ஆசிரியரோடு அறை எடுத்து எட்டு நாள் ஆகிறது. அவர் குறட்டை பஸ் இன்ஜின்.

புதிய பருவம், புதிய பிரிவு. முப்பத்து நான்கு பேர். தரை ஒட்டியது. கூட்டமாக நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டேன், அப்புறம் தள்ளிப்போடக் கூடாது என்று.

"எனக்கு ஆடத் தெரியாது."

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி, கிண்டலே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்புறம் ஏன் சார் நீங்க எங்களுக்கு வந்திருக்கீங்க?"

மேசைகளை மடிக்கச் சொன்னேன். மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பவும் வந்து, பதிலுக்காக என் பக்கத்தில் நின்றாள்.